மடி விரித்த ஆறு

மலைமேல் இருபத்தெட்டு வீடுகளும், அந்த வீடுகளுக்குக் கீழே ஓர் ஆறும் உள்ள மேல்நொச்சி என்ற ஊருக்கு, ஆற்றைப் பார்ப்பதற்காக மட்டும் ஒருவர் வந்திருக்கிறார் என்று தெரிந்த புரட்டாசி மாதக் காலையில், சாமைக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் கைமண்ணை உதறிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடுக்காய் வாங்க வருகிறவர்கள் உண்டு. அம்மை குத்த வருகிறவர்கள் உண்டு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கும்பிட்டபடி வருகிறவர்களும் உண்டு. ஆற்றைப் பார்க்க என்று ஒரு மனிதன் பதினான்கு மைல் மலையேறி வந்தான் என்றால் அதை யார் நம்புவார்கள்?

சேம்பாறு பார்க்கிற மாதிரியான ஆறும் இல்லை. நல்ல ஆள் மூன்று எட்டில் தாண்டிவிடுகிற அகலம், முழங்கால் ஆழம், கரை நெடுக ஆனைக் காது போலச் சேம்பிலை. அணை இல்லை, பாலம் இல்லை, படித்துறை இல்லை, கரையில் ஒரு கல்சாமிகூட இல்லை. மேலிருந்து வந்து, ஊருக்குக் கீழே நான்கு மைல் தூரம் காட்டுக்குள் ஓடி, ஆனைமடுவில் சற்றுத் தங்கி, அங்கிருந்து பாறை விளிம்பில் குதித்துக் கீழ்நாட்டுக்குப் போய் வேறு பெயர் வைத்துக்கொள்ளும். அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல யாருக்கும் எதுவும் இருந்ததில்லை.

வந்தவர் பெயர் தேவசகாயம். கீழ்நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். மனிதன் கை படாத ஆறுகளைத் தேடிப் போய்ப் பார்த்து எழுதுவது தன் வழக்கம் என்று அவர் ஊர்க்கவுண்டர் தம்மணனிடம் சொன்னார். ஊர்க்கவுண்டர் அவருடைய செருப்பையும் பையையும் குடையையும் முறையே பார்த்துவிட்டு, "பாத்துட்டு?" என்று கேட்டார்.

"பாத்துட்டு எழுதுவேன்."

"எழுதிட்டு?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுக்கா வந்தீங்க?" என்றார் ஊர்க்கவுண்டர். பக்கத்தில் விறகோடு நின்ற அலமி, "கெணத்தப் பாத்துட்டுப் போனவன்தான் மறுமாசம் மோட்டாரோட வந்தான்னு எங்க அக்கா ஊருல சொல்லுவாங்க" என்று வாத்தியாருக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

ஆனாலும் வந்தவருக்குச் சோறும் வழியும் தராமல் அனுப்புவது அந்த ஊரில் இல்லை. வெளியாள் வந்தால் வீட்டு வரிசைப்படி ஒரு வீடு ஏற்க வேண்டும். ஒருமுறை ஒரு வீட்டுக்கு விருந்தாளியானவர் சாகிறவரை அந்த வீட்டு விருந்தாளிதான். அன்றைக்கு முறை சடையன் வீட்டுக்கு. ஊர்க்கவுண்டர் அதைச் சொல்லும்போது சற்றுத் தயங்கினார். ஏனென்றால் சடையன் ஆற்றுப் பக்கம் போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மாதம், மாலை மழைக்குச் சற்று முன்பு, சடையனின் ஒரே மகள், ஒன்பது வயதுச் சிலம்பாயி, இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு அக்கரையிலிருந்து, ஊரார் ஆற்றைக் கடக்கிற கல்துறை வழியாக வந்தாள். ஆடுகள் வீட்டுக்கு வந்தன. சிலம்பாயி வரவில்லை. மேலே எங்கோ பெய்த மழையில் செந்தண்ணீர் திடீரென்று இறங்கியிருந்தது. ஊரே மூன்று நாள் மூங்கிலை விட்டுத் துழாவியது. ஒரு வளையல்துண்டுகூடக் கிடைக்கவில்லை. நான்காம் நாள் எல்லோரும் வேலைக்குப் போனார்கள். சடையன் மட்டும் அன்றிலிருந்து ஆற்றுக்கு முதுகு காட்டியே நடந்தான், ஆற்றைத் தாண்டிய அக்கரைக் கொல்லையைத் தரிசாக விட்டான், ஊருக்கு மேற்கே பாறையிடுக்கில் கசிகிற ஊற்றுத் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மனைவி வெள்ளச்சியிடம் சொல்லிவைத்தான். பார்த்தவர்கள் அதைக் கோபம் என்றார்கள். கோபமாக இருந்தால் இரண்டு மழைக்காலத்தில் தணிந்திருக்கும். சடையனிடம் இருந்தது சந்தேகம். செத்த பிள்ளையைத் திருப்பிக் கொடுக்காத ஆறு அவளை எங்கோ வைத்திருக்கிறது, வைத்துக்கொண்டு தினமும் ஒன்றும் தெரியாததுபோலச் சலசலக்கிறது என்று அவன் சந்தேகப்பட்டான். உழும்போதும், கூரை மேயும்போதும், வெள்ளச்சி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆயும்போதும் அந்தச் சந்தேகத்தை, சேவலுக்குத் தீனி போடுகிறவன் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வளர்த்தான்.

"போய்க் காட்டிட்டு வாய்யா" என்றாள் வெள்ளச்சி. "நம்ம கதைய அவருக்கு எதுக்குச் சொல்லிக்கிட்டு."

போனார்கள். சரிவில் இறங்க இறங்க ஆற்றுச் சத்தம் வளர்ந்தது. வாத்தியார் குழந்தைபோல வேகமாக நடந்தார். கடைசித் திருப்பத்தில், பலாமரத்தைத் தாண்டிச் சடையன் தலை நீட்டியதும், யாரோ வாயைப் பொத்தியதுபோலச் சத்தம் நின்றது. கீழே ஆறு இருந்த இடத்தில் ஆறு இல்லை. கல் இருந்தது, மணல் இருந்தது, கரையில் சேம்பிலை பச்சையாக நின்றது. தண்ணீர் மட்டும் இல்லை. ஈரமும் இல்லை. கல்லைத் தொட்டால் வெயிலில் காய்ந்த சூடு.

"இதுதானா?" என்றார் வாத்தியார்.

"இதுதான்."

"தண்ணி?"

"இருந்துச்சு."

"எப்போ?"

பதினோரு வருடமாகச் சடையன் காண ஏங்கிய அந்த அடிமணல் முழுக்க அவன் முன்னால் திறந்து கிடந்தது. இறங்காமல் திரும்பினான். பலாமரத்தைத் தாண்டி நூறு எட்டு ஏறியதும் பின்னால் ஆறு மறுபடி பேசத் தொடங்கியது. வாத்தியார் நின்று கேட்டார். சடையனைப் பார்த்தார். தன்னை வேண்டுமென்றே வேறு இடத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, அதை மரியாதைக்காகச் சொல்லாமல், வெள்ளச்சி போட்ட சாமைச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

ஊருக்குச் செய்தி தெரிந்ததும் இளவட்டங்கள் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். ஆறு வழக்கம்போல ஓடியது. அன்று சாயங்காலம் ஊர்க்கவுண்டர், "வெளியாளுக்கு முகம் காட்டலடா நம்ம ஆறு" என்று சொன்னார். அந்த ஒரு சொல்லை ஊர் வெல்லக்கட்டிபோல வாயில் போட்டு அடக்கிக்கொண்டது. ஆறு மறைந்தது என்பதில் யாருக்கும் வியப்பில்லை. ஆள் பார்த்து மறைந்தது என்பதில்தான் பெருமை. அதன்பின் கடுக்காய் வியாபாரி எடையில் ஏய்க்கிறானா என்று பார்க்க அவனைக் கல்துறைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளுக்கு முதலில் ஆறு, பிறகுதான் காப்பி. எல்லோர் முன்னாலும் ஆறு ஓடியது. ஆகவே எல்லோரும் நல்லவர்கள் என்று முடிவாயிற்று. அப்படி முடிவான மாப்பிள்ளை ஒருவனுக்குக் கீழ்நாட்டில் ஏற்கெனவே குடும்பம் இருந்தது தெரிந்தபோது, "அன்னைக்கு ஆறு கவனிக்கல" என்றார்கள். மார்கழியில் வாத்தியார் மறுபடி வந்து, வழக்கப்படி சடையன் வீட்டு விருந்தாளியாகி, சடையனோடு போய், மறுபடி வறண்ட கல்லைப் பார்த்துவிட்டு வந்தபோது, ஊரில் பொங்கல் வைக்காத குறை.

சடையன் மட்டும் அந்தப் பெருமையில் சேரவில்லை. அந்த இரண்டு தடவையும் ஆற்றின் முன்னால் நின்றவர் வாத்தியார் ஒருவர் மட்டும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

மாசி மாதம் வாத்தியார் மூன்றாம் முறை வந்தார். இந்த முறை ஊர் வழியாக வரவில்லை. யாரிடமும் கேட்காமல், பாறை விளிம்பில் தேன் எடுக்கிறவர்கள் போகிற தடத்தைப் பிடித்து, கீழிருந்தே ஆற்றோடு ஏறி வந்தார். நண்பகலில் அவர் ஊர் நடுவில் வந்து நின்றபோது அவருடைய கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்துட்டேன்! கவுண்டரே, உங்க ஆத்த முழுசாப் பாத்துட்டேன். இந்த மாதிரி ஒரு ஆறு..." என்று சொல்லிக்கொண்டே சடையன் பக்கம் திரும்பி, "சடையண்ணே, உங்க வீட்டம்மாகூடக் கல்துறையில தண்ணி மொண்டுக்கிட்டு இருந்தாங்க, அவங்கதான் எனக்கு மேட்டு வழியச் சொன்னாங்க" என்றார்.

நல்ல மனதோடு சொன்ன அந்தச் சொல்லிலிருந்து இரண்டு கல் விழுந்தன. ஒன்று ஊர் தலையில், மற்றது சடையன் தலையில். வாத்தியார் தனியாகப் போனால் ஆறு ஓடுகிறது. அப்படியானால் இரண்டு முறையும் அது மறைந்தது யாரைப் பார்த்து?

ஊர் அப்போதே இறங்கியது. சடையனை முன்னால் விட்டுப் பின்னால் எல்லோரும் போனார்கள். பலாமரம் தாண்டியதும் சத்தம் நின்றது. "பின்னால வா" என்றார் ஊர்க்கவுண்டர். வந்தான். தண்ணீர் வந்தது. "முன்னால போ." போனான். தண்ணீர் போயிற்று. நம்பாதவர்களுக்காகவும், நம்பியும் இன்னொரு தடவை பார்க்க ஆசைப்பட்டவர்களுக்காகவும் ஏழு முறை அவனை முன்னும் பின்னும் நடக்க வைத்தார்கள். சந்தையில் மாட்டை நடத்திப் பார்ப்பதுபோல இருந்தது.

"அஞ்சு மாசமா நாம பெருமையடிச்சது இவனோட பாவத்தையா?" என்றான் ஒருவன்.

"தண்ணியே ஒதுங்குதுன்னா உள்ளுக்குள்ள என்ன வச்சிருக்கானோ" என்றான் இன்னொருவன்.

"மச்சான், வாயத் தொறந்து சொல்லிடுங்க" என்றாள் அலமி. "வாத்தியாருகிட்ட எதுல கைநாட்டு வச்சீங்க? மலையவே எழுதிக் குடுத்துட்டீங்களா, இல்ல எங்க மாட்டுக் கொட்டாய மட்டுமா?"

"ஐயோ, நான் ஒரு காகிதமும் வாங்கலம்மா" என்றார் வாத்தியார்.

"நீங்க சும்மா இருங்க சார். நீங்களாவது ஆறு கண்ட மனுசன்."

சடையன், "நான் எதுவும் செய்யல" என்றான். ஒன்றும் செய்யாதவனும் அதையேதான் சொல்வான், செய்தவனும் அதையேதான் சொல்வான் என்பதால் அந்தச் சொல் யார் காதிலும் தங்கவில்லை. இவன் கரையோரமாக நடந்து போனால் கோடைக்கு முன்பே ஆற்றைக் கொன்றுவிடுவான் என்று பயந்த ஊர், பங்குனி நோன்புக்குள் அவன் வீட்டைக் காலி செய்துகொண்டு மலையிறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்து சடையன் முதலில் கேட்டது ஊரைப்பற்றி இல்லை.

"எத்தன நாளா அங்க தண்ணி மொள்ற?"

வெள்ளச்சி குடத்தை இறக்கிவைத்தாள். "பதினோரு வருசமா."

"ஊத்துத் தண்ணின்னு சொன்னியே."

"ஊத்து சித்திரையில சொட்டுறது ஒரு சொம்பு. நீ குடிச்சது, குளிச்சது, உனக்குச் சோறு ஆக்குனது எல்லாம் அந்தத் தண்ணிதான். சொன்னா நீ பட்டினி கெடப்ப."

"எம் புள்ளைய முழுங்குன தண்ணி அது."

"எம் புள்ளையக் கடைசியாத் தொட்ட தண்ணி அது" என்றாள் வெள்ளச்சி. "நான் அதுல கைய வைக்காம இருக்கணுமா?"

அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். ஊர் போதாதென்று இப்போது தன் வயிற்றையும் சந்தேகப்பட வேண்டியிருந்தது. வெகுநேரம் கழித்து அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சமையல் பற்றிச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"ஊருக்குப் புத்தி கெட்டுப்போச்சு. அது உன்னப் பாத்து ஒளியலய்யா. மடி விரிக்குது."

அந்த மலையில் அப்படி ஒரு முறை உண்டு. ஒரு வீட்டில் ஒரு பொருள் காணாமல் போய், இன்னார்மேல் சந்தேகம் என்று ஆகிவிட்டால், சந்தேகப்பட்டவர் சண்டைக்குப் போவதில்லை. சந்தேகத்துக்கு ஆளானவர் தானே முன்வந்து இடுப்புமடியை அவிழ்த்து விரித்துக் காட்டுவார், வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு மனைவி மக்களோடு ஒதுங்கி நிற்பார். இழந்தவர் தன் கையாலேயே தேட வேண்டும், வேறு ஆளை விடக்கூடாது. தேடிக் கிடைத்தால் ஊர் நியாயம். கிடைக்காவிட்டால், 'உன் மடியில் இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லி, அவர் கையால் ஒருவாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வர வேண்டும். அதோடு சந்தேகம் செத்தது. பிறகு அதை வாயால் சொல்வது குற்றம், மனதால் நினைப்பது அதைவிடக் குற்றம்.

"பதினோரு வருசம் நீ வருவ வருவன்னு பாத்திருக்கு" என்றாள் வெள்ளச்சி. "வந்ததும் எல்லாத்தயும் தொறந்துபோட்டு ஒதுங்கிக்கிச்சு. நீதான் தேடாமத் திரும்பி வந்துட்ட. இன்னைக்கோட மூணு தரம். யாரு வீட்டுலயாவது இப்படிச் செய்வோமா?"

ஊர் அவனைத் துரத்துவதைவிட இதுதான் அவனைப் பயமுறுத்தியது. தேடிப் பார்த்துவிட்டால், கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, நாளைக் காலையில் எழுந்ததும் வைத்து வளர்க்க அவனிடம் எதுவும் இருக்காது. சிலம்பாயியின் பாவாடைகூட வீட்டில் இல்லை. அந்தச் சந்தேகம் ஒன்றுதான் அவள் பேரால் வீட்டில் இருந்தது.

ஆனாலும் மறுநாள் விடிந்ததும் ஒரு கடப்பாரையையும் கூடையையும் எடுத்துக்கொண்டு கல்துறையில் இறங்கினான். தண்ணீர் ஒதுங்கியது. ஒவ்வொரு கல்லாகப் புரட்டினான், கல்லுக்கடியில் மணலை அள்ளிக் கூடையில் சலித்தான், பார்த்தான், கல்லை இருந்த இடத்தில் வைத்தான். அவன் கீழே நகர நகர முன்னால் ஆறு வழிவிட்டது, அவன் தேடி முடித்த இடத்தைப் பின்னால் வந்து மூடிக்கொண்டது. உச்சிப்பொழுதில் வெள்ளச்சி கூழ் கொண்டுவந்தாள்.

ஊர் இரண்டு கரையிலும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. வெற்றிலை போட்டுக்கொண்டும் கேலி பேசிக்கொண்டும் பார்த்தது. முதல்நாள் மத்தியானம் அவன் ஒரு குழியிலிருந்து களிம்பேறிய பித்தளைத் தவலை ஒன்றைத் தூக்கிக் கரையில் வைக்கும்வரை கேலி நடந்தது. கழுத்தில் சொட்டை விழுந்த அந்தத் தவலையை எல்லோருக்கும் தெரியும். அதை நாத்தனார் திருடிவிட்டாள் என்று சொல்லித்தான் பதினான்கு வருடத்துக்கு முன் அலமி குடும்பத்தைப் பிரித்துத் தனி அடுப்பு வைத்தாள். தவலை கிடந்த இடம் அலமி துணி துவைக்கிற இடம்.

"ஆத்தோட போயிருக்கும்போல" என்றாள் அலமி.

"ஆமா அண்ணி" என்றாள் நாத்தனார். "எனக்குத் தெரியாம நானே திருடி, எனக்குத் தெரியாம நானே கொண்டாந்து போட்டிருப்பேன்."

இரண்டாம் நாள் சூலம் வெட்டிய எல்லைக்கல் ஒன்று கிடைத்தது. ஊர்க்கவுண்டரின் தம்பி கொல்லை எல்லையில் நின்று, காணாமல் போய், 'மழையில் புதைந்துவிட்டது' என்று ஊர்க்கவுண்டரே தீர்ப்புச் சொன்ன கல். சடையன் அதைத் தூக்க முடியாமல் தூக்கிக் கரையில் நட்டுவைத்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போனான். "இது எப்படி இங்க..." என்றார் ஊர்க்கவுண்டர். "உருண்டு வந்திருக்கும்ண்ணே" என்றான் தம்பி. "நம்ம கொல்லையில எறங்கி, நடுவுல உள்ள மேட்டுல ஏறி, மூச்சு வாங்கி, மறுபடி எறங்கி உருண்டிருக்கும்."

மூன்றாம் நாளிலிருந்து கரையில் சிரிப்பு இல்லை. ஒவ்வொருவரும் தாங்கள் எப்போதோ ஆற்றில் போட்டதை நினைத்துக்கொண்டும், பக்கத்தில் நிற்பவன் என்ன போட்டிருப்பான் என்று யோசித்துக்கொண்டும் நின்றார்கள். தனித்தனியாக வந்து சடையனிடம் கெஞ்சினார்கள். "அந்த நாவமரத்து வளைவுல மட்டும் தோண்டாத பங்காளி, அங்க பாம்பு இருக்கு." "பெரியப்பா, இந்தப் பாறைக்கிட்ட வேண்டாம், சாமி குத்தம்." ஊர்க்கவுண்டரே இறங்கி வந்து, "மலையிறங்கணும்னு சொன்னதெல்லாம் கோவத்துல சொன்னது. உன் வீடு உன் வீடுதான். பழச மறந்துடுவோம், கரையேறு" என்றார்.

"இன்னும் தேடி முடிக்கல கவுண்டரே" என்றான் சடையன்.

ஊர்தான் பயந்தது, அவன் யார் பொருளையும் பார்க்கவில்லை. கிடைத்ததைக் கரையில் வைத்தான், நகர்ந்தான். ஐந்தாம் நாள் கரை காலியாகிவிட்டது. அந்த நாட்களில் ஊருக்குள் வீட்டுக்கு வீடு கதவு சாத்தியே இருந்தது. பேசாதவர்கள் பேசினார்கள், பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை விட்டார்கள். வாத்தியார் மட்டும் ஐந்து நாளும் கரையோடு கூட நடந்தார். ஐந்தாம் நாள் மாலை அவர் நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக் கட்டினார்.

"எழுதலையா சார்?" என்றாள் வெள்ளச்சி.

"இல்லம்மா. எழுதுனா ஆளுங்க வருவாங்க. இது வந்து பாக்கிற எடம் இல்ல." அவர் சடையன் இருந்த பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தேன்தடத்தில் இறங்கிப் போனார். அதன்பிறகு அவர் வரவில்லை.

ஆறாம் நாள் ஆனைமடு. அதற்கப்பால் பாறை விளிம்பு, காற்று, கீழ்நாடு. இரண்டு ஆள் ஆழமுள்ள அந்த மடு அன்று அடிவரை காலியாகக் கிடந்தது. பக்கச் சுவரெல்லாம் கரும்பாறை, அடியில் வெள்ளை மணல். சடையன் மர வேரைப் பிடித்து இறங்கினான். மணலை ஒரு மூலையிலிருந்து தொடங்கி மறு மூலைவரை புரட்டினான். பாறை தட்டுகிறவரை தோண்டினான். பொந்துகளுக்குள் தோள்வரை கைவிட்டான். உச்சிப்பொழுது தாண்டியது. வேர்த்துண்டு, கூழாங்கல், நத்தையோடு, ஒரு பழைய விழுதின் முடிச்சு. அதை மட்டும் கையில் வெகுநேரம் வைத்துப் பார்த்தான், விழுதுதான். கீழே வைத்தான். பிறகு புரட்ட மணல் இல்லை.

அவன் மடுவின் நடுவில் உட்கார்ந்தான். வெள்ளச்சி மேலே விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஆறு எங்கோ மேலே, சத்தம் காட்டாமல், ஒதுங்கி நின்றது. கீழ்நாட்டுக்கு விழுகிற அருவி காலையிலிருந்து விழவில்லை.

"தேடிட்டியா?" என்றாள் அவள்.

"ம்."

"அப்போ சொல்லு."

"சொன்னா முடிஞ்சிரும் வெள்ளச்சி."

"முடியட்டுமே."

"முடிஞ்சா அப்புறம் நான் என்னத்த வச்சுக்கிட்டு இருப்பேன்?"

அவள் இறங்க வழி தேடினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த வயதில், வேரைப் பிடித்துக் காலால் தடவித் தடவி மடுவுக்குள் இறங்கி, அவனுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"அவ ஆட்டுக்குட்டிய மடியில வச்சுக்கிட்டு நம்ம கஞ்சியத் திருடிக் குடுப்பாளே, நெனவு இருக்கா?" என்றாள். "அத நீ பதினோரு வருசமா ஒரு தடவ சொல்லி நான் கேக்கல. ஆத்தப் பத்தியே நெனச்சுக்கிட்டு இருந்த. எனக்கும் அவளப் பத்திப் பேச ஒரு ஆளு வேணாமா?"

சடையன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்தான். கடைசியில் எழுந்து, மேற்கே, ஆறு வரவேண்டிய வாய்க்கு நேராக நின்று, ஒரு வீட்டு வாசலில் நிற்பவன்போலத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:

"உன் மடியில இல்ல."

குனிந்து உள்ளங்கைகளைச் சேர்த்து நீட்டினான்.

தண்ணீர் வந்தது. வெள்ளமாக வரவில்லை. கூப்பிடாத வீட்டுக்குள் நுழைகிற பெண்ணைப்போலப் பாறையோரமாகவே வந்து, நின்று, மணலை நனைத்து, அவன் விரல்நுனிவரை ஏறி, உள்ளங்கையில் ஒருவாய் அளவு நிறைந்தது. அவன் குடித்தான். அவனுக்குப் பழகிய தண்ணீராகவே இருந்தது. அவர்கள் இருவரும் வேரைப் பிடித்து மேலேறும்வரை மடு முழங்காலுக்குமேல் நிறையவில்லை. ஏறிய பிறகுதான் நிறைந்தது. சற்று நேரத்தில் கீழே அருவி விழும் சத்தம் கேட்டது.

ஊருக்குத் திரும்பும் பாதை அவர்கள் ஏறிய கரைக்கு எதிர்க்கரையில் இருந்தது. மடுவுக்கு மேல் ஆழம் குறைந்த இடத்தில் தண்ணீரில் கால் வைத்தார்கள். பாதியில் சடையன் நின்று, அவளுக்கு இடப்புறம் இருந்தவன் பின்னால் சுற்றி வலப்புறம் வந்தான். அது ஆறு வருகிற பக்கம். இனி எந்தத் தண்ணீர் வந்தாலும் முதலில் அவன்மேல் மோதித்தான் அவளிடம் வரவேண்டும்.

"மடியில இல்லன்னு சொல்லிட்டு இது என்னய்யா?" என்றாள் வெள்ளச்சி.

"எது?"

"ஏன் அந்தப் பக்கம் வந்த?"

"வெயிலு" என்றான் சடையன். "உன் முகத்துல அடிக்குது."

காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. வெள்ளச்சி நிமிர்ந்து பார்த்தாள். அந்த இல்லாத வெயிலுக்கு அவன் நிழலிலேயே நடந்து கரையேறினாள்.